3 அடி கடல் தொட்டிக்குக் கல் அடுக்குவது: கல் முதலிலா, மணல் முதலிலா?

தோட்டத்துமீன் (சுங்கை சிப்புட், மலேசியா) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கண்ணாடிக் கடையில் சொல்லிச் செய்த தொட்டி வந்துவிட்டது. 3 அடி நீளம், 18 இன்ச் அகலம், 18 இன்ச் உயரம். 10 மிமீ கண்ணாடி, மேலே சுற்றிலும் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். ஓவர்ஃப்ளோ (தண்ணீர் வழிந்து கீழே இறங்கும் இடம்) வலது பின்மூலையில். கீழே சம்ப் (வடிகட்டும் தொட்டி), அதில் ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி). சாஃப்ட் கோரல் (மென்பவளம்) கொஞ்சம், டார்ச், ஹேமர் என்ற பவளங்கள், ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கோபி மீனும் பிஸ்டல் இறாலும். இவ்வளவுதான் திட்டம்.

கல்லுக்கு மூன்று வழி தெரிகிறது. தொட்டியைக் கலைத்த ஒருவர் 20 கிலோ காய்ந்த ராக் (பழைய பவளக் கல்) தருகிறார். ஈப்போ சாலைப் பக்கம் சுண்ணாம்புக் கல் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும், செலவே இல்லை. பாங்கோர் தீவுக் கரையில் செத்த பவளம் பொறுக்கலாம் என்றும் ஒரு நண்பர் சொல்கிறார். எது சரி? எத்தனை கிலோ போடுவது? மணலைப் போட்டுவிட்டுக் கல்லை வைப்பதா, கல்லை வைத்துவிட்டு மணலா? ஒட்டித்தான் ஆக வேண்டுமா, சும்மா அடுக்கினால் நிற்காதா?

உப்புத்தண்ணி:

சுண்ணாம்புக் கல்லை முதலில் கழித்துவிடுங்கள் தம்பி. கிந்தா பள்ளத்தாக்குக் குன்றுகளின் கல் பெரும்பாலும் கிரானைட் சூட்டில் வெந்து பளிங்காகிப் போனது. உடைத்த முகத்தைப் பாருங்கள், கற்கண்டு மாதிரி மின்னும். துளையே இருக்காது. நமக்குக் கல் அழகுக்கு மட்டுமில்லை, அமோனியாவையும் நைட்ரைட்டையும் தின்னும் பாக்டீரியா குடியிருக்கிற இடம் அது. துளை இல்லாத கல்லில் மேல்தோலில் மட்டும்தான் குடியிருப்பு. நல்ல ரீஃப் ராக்கின் அளவுக்கு இதை எடுத்தால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். செம்பழுப்புக் கோடும் பொன் நிறப் பொட்டும் தெரிந்தால் இரும்பும் பைரைட்டும் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஈய லம்பம் (வெள்ளீயச் சுரங்கம்) இருந்த வட்டாரத்தில் அது அதிசயமே இல்லை.

"சுண்ணாம்புதானே, பிஎச்சைத் தூக்கிப் பிடிக்கும்" என்று யாராவது சொல்வார்கள். பிடிக்காது. 8.1, 8.2 பிஎச் உள்ள கடல்நீரில் அந்தக் கல் கரையாது. கால்சியம் ரியாக்டரில் (பவளத் துண்டைக் கரைத்துக் கால்சியம் தரும் கருவி) கரியமில வாயு விட்டு 6.5 பக்கம் இறக்கினால்தான் பவளத் துண்டே கரைகிறது.

பாங்கோர் யோசனையும் வேண்டாம். ரெடாங், தியோமான், பெர்ஹெந்தியான், பாயார் போன்ற கடல் பூங்காக்களில் பவளம் உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் எடுப்பது 1985 மீன்வளச் சட்டப்படி குற்றம். கல்பவளமும் லைவ் ராக்கும் (உயிர்கள் ஒட்டிய பவளக் கல்) சைட்டிஸ் என்ற உலக வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கின்றன, நாட்டு எல்லை தாண்டினால் பெர்மிட் வேண்டும். பாங்கோர் எதில் வருகிறது, எதில் வரவில்லை என்று வாதாடிக்கொண்டிருப்பதற்குப் பதிலாகப் பழைய கல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதை எடுப்பதற்கு முன் ஒரே கேள்வி: அந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு மருந்து ஊற்றினார்களா? வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஊற்றியிருப்பார்கள். செம்பு சுண்ணக் கல்லில் ஒட்டிக்கொண்டு பிறகு மெல்ல மெல்ல வெளியே வரும். மீன் தாங்கிக்கொள்ளும். இறால், நத்தை, பவளம் தாங்காது. 'ஆமாம்' என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 'தெரியாது' என்றால் ஒரு கல்லை ஒரு வாளி உப்புநீரில் ஒரு வாரம் ஊறவைத்துச் செம்பு டெஸ்ட் கிட்டில் பாருங்கள்.

இரண்டாவது தொல்லை பாஸ்பேட். துளைக்குள் செத்துக் காய்ந்த பஞ்சுயிரும் புழுவும் தண்ணீர் பட்டதும் அழுகும். கல்லே பல வருஷம் உறிஞ்சி வைத்த பாஸ்பேட்டும் சேர்ந்து வெளியேறும். புதுத் தொட்டியில் மூன்றாம் மாதம் பச்சை மயிர்ப்பாசி மூடுவது பெரும்பாலும் இதனால்தான். கழுவும் முறை: கம்பி பிரஷ் வேண்டாம், நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு குளோராக்ஸ் (பிளீச்) ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, உள்ளே ஒரு பம்ப் ஓடட்டும், 24 முதல் 48 மணி நேரம். நன்றாக அலசி, குளோரின் வாசம் போகும்வரை வெயிலில் காயவையுங்கள். அதற்குப் பிறகுதான் அமிலம். தண்ணீர் பத்துப் பங்குக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு பங்கு. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் தெறிக்கும். வெளியே திறந்த இடத்தில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. நுரை அடங்கும்வரை 15 முதல் 20 நிமிஷம். மேல்தோல் கரைந்து அதிலிருந்த பாஸ்பேட்டும் போய்விடும். குளோராக்ஸ் ஈரம் காயாத கல்லை அமிலத்தில் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். அந்த வரிசையையும் காயவைப்பதையும் தட்டிக் கழிக்காதீர்கள்.

கடைசியாக மூடி போட்ட தொட்டியில் உப்புநீர், ஒரு பம்ப், இருட்டு. நம் ஊர்ச் சூட்டுக்கு ஹீட்டர் தேவையில்லை. வாரம் ஒரு முறை பாஸ்பேட் பாருங்கள், ஏறியிருந்தால் தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீர் மாற்றிய ஒரு வாரத்துக்குப் பிறகும் 0.1 பிபிஎம்முக்குக் கீழே நின்றால் கல் தயார். தண்ணீர் ஆர்ஓ டிஐ வடிகட்டியில் சுத்தமாக்கிய தண்ணீராக, டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் அளவு) சுழியாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் ஊறவைத்தால் வெளியேற்றுகிறோமா ஏற்றுகிறோமா என்றே தெரியாது.

எத்தனை கிலோ? கேலனுக்கு ஒன்று, ஒன்றரை பவுண்டு என்பது பழைய கணக்கு. உங்கள் தொட்டி சுமார் 180 லிட்டர், அந்தக் கணக்கில் 22 முதல் 33 கிலோ வரும். ஸ்கிம்மரும் சம்ப்பும் இருக்கும்போது அவ்வளவு திணிக்கத் தேவையில்லை. துளையுள்ள கல் 12 முதல் 14 கிலோ மேலே, மிச்சத்தை உடைத்து சம்ப்பில் போடுங்கள். மேலே கட்டுவதைப் பற்றிக் கொத்தன் வந்து சொல்வார்.

பாறைக்கொத்தன்:

கூப்பிட்டுவிட்டீர்கள், வந்தேன்.

தொட்டிக்குள் கை விட்டு அடுக்க ஆரம்பிக்காதீர்கள். தரையில் மாஸ்கிங் டேப்பால் 90 செமீ, 45 செமீ கட்டம் போடுங்கள். அதற்குள் இன்னொரு கட்டம்: முன்னால் 10 செமீ, இரு பக்கமும் 10 செமீ, பின்னால் 7 செமீ விட்டு. மிஞ்சுவது 70க்கு 28. கல்லின் கால் மட்டுமில்லை, நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கும் இதற்குள் அடங்க வேண்டும். முன்பக்க இடைவெளி காந்தத் துடைப்பான் ஓட. கல் முட்டினால் மணல் இடையில் சிக்கிக் கண்ணாடியில் கீறல் விழும். பின்பக்க 7 செமீ தண்ணீர் ஓட. அதைக் கல்லால் அடைத்தவர்களுக்குத்தான் எவ்வளவு ஸ்கிம்மர் வைத்தாலும் நைட்ரேட் இறங்காது. அழுக்கு பின்னால் போய் உட்கார்ந்து அழுகும், எந்தக் குழாயும் அங்கே எட்டாது.

உயரம்: அடிக்கண்ணாடியிலிருந்து 28 செமீ, அதற்கு மேல் வேண்டாம். 45 செமீ தொட்டியில் தண்ணீர் 42 வரைக்கும்தான் நிற்கும். டார்ச்சின் தலையும் விரிந்த விரல்களும் மட்டும் 12, 15 செமீ எடுத்துக்கொள்ளும். கல்லை 38 வரை ஏற்றியவர் டார்ச்சை விளக்கின் கீழே கொண்டுபோய்ச் சுட்டுவிடுவார்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது: உங்கள் தொட்டியில் மேலே சுற்றுப்பட்டை இருக்கிறது. திறப்பின் அகலத்தை இன்றைக்கே அளந்து எழுதி வையுங்கள். வெளியே ஒட்டி முடித்த கட்டு அதன் வழியே நுழைய வேண்டும். அதனால் ஒரே மதிலாகக் கட்டாமல் இரண்டு தீவுகளாகக் கட்டுங்கள். பெரியது இடப்பக்கம், அதன் உச்சி இடச் சுவரிலிருந்து 30 செமீ தூரத்தில் வரட்டும், நட்டநடுவில் வேண்டாம். சின்னது வலப்பக்கம், இடையில் 12 முதல் 15 செமீ வெறும் மணல். சாஃப்ட் கோரல் வைக்கப் போவதால் இதில் இன்னொரு லாபம் உண்டு. கிரீன் ஸ்டார் பாலிப், ஸீனியா மாதிரி படர்கிறவற்றைச் சின்னத் தீவில் மட்டும் வைத்தால் மணல் தாண்டி வருவது கடினம். பெரிய தீவில் டார்ச், ஹேமர். டார்ச்சுக்கும் அடுத்த இனத்துக்கும் குறைந்தது 15 செமீ. இரவில் கொட்டும் விரலை அவ்வளவு நீட்டும்.

கட்டும் முறைக்கு வருகிறேன். பெரிய, தட்டையான கற்கள் காலாகட்டும். ஒவ்வொரு கல்லும் கீழே உள்ளதை மூன்று இடத்தில் தொட வேண்டும். ஒட்டாமலே உட்காருகிறதா என்று முதலில் பாருங்கள். விரலால் தள்ளினால் ஆடும் கல்லைத் திருப்பிப் போடுங்கள், இல்லையென்றால் உளியால் ஒரு மூலையைத் தட்டிச் சரி செய்யுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. பசையை நம்பி ஆடும் கல்லை வைத்தால் ஒரு நாள் நத்தை தள்ளினால்கூட இறங்கிவிடும். காலின் அடியில் ஒரு குழாய் நுழைகிற மாதிரி வளைவு விட்டால் பின்னால் சேரும் அழுக்கை 12 மிமீ குழாயால் இழுத்துவிடலாம்.

ஒட்டுவது மூன்று விதம். சின்ன இணைப்புக்கு சூப்பர் குளூ ஜெல், நடுவில் ஒரு துணுக்குப் பஞ்சு, மேலே அரகோனைட் (சுண்ண மணல் வகை) தூள். தூள் பட்டதும் பசை அந்த நொடியே இறுகும், சூடாகும், கண்ணெரிய ஆவி வரும். மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். இது அழுத்தத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக் கல்லுக்குக் கம்பி வேண்டும். 8 மிமீ மேசன்ரி பிட், ட்ரில்லின் ஹேமர் மோடு அணைத்து, இரு கல்லிலும் 4 செமீ ஆழம், நடுவில் 6 மிமீ அக்ரிலிக் அல்லது ஃபைபர்கிளாஸ் கம்பி. இரும்பு வேண்டவே வேண்டாம். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும் உப்புநீருக்குள் அடைபட்டுக் கிடந்தால் அரிக்கும். காலுக்கும் பெரிய மூட்டுக்கும் சிமெண்டு: வெள்ளை சிமெண்டு ஒரு பங்கு, நுண்ணிய அரகோனைட் மணல் இரண்டரைப் பங்கு, பிசைந்தால் கையில் உருண்டை நிற்கும் அளவுக்குத் தண்ணீர். கல்லை நனைத்துவிட்டுப் பூசுங்கள். காய்ந்த கல் சிமெண்டின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் மூட்டு பொடிப்பொடியாய் உதிரும்.

பூசியதும் வெயிலில் வைக்காதீர்கள். ஈரச் சாக்கு போட்டு மூடி ஏழு நாள். அதற்கப்புறம் நல்ல தண்ணீரில் ஊறல், மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றம். முதல் வாரம் பிஎச் 11க்கு மேலே கூடப் போகும். தண்ணீர் மாற்றி 24 மணி நேரம் கழித்தும் 8.5ஐத் தாண்டவில்லையென்றால் தயார். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பொறுமையில்லாதவர்கள் சூப்பர் குளூவும் கம்பியுமாக முடித்துக்கொள்ளலாம், தவறில்லை.

இரண்டு பகுதியாகப் பிசையும் எபாக்ஸியைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒட்டாது, துளைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். அதிகம் போட்டால் ஸ்கிம்மர் ஓரிரு நாள் பைத்தியம் பிடித்து நுரை கக்கும்.

தொட்டிக்குள்: அடிக்கண்ணாடியில் கால் படும் இடத்தில் 3 மிமீ கெட்டி பிவிசி தகடு. விளம்பரப் பலகைக் கடையில் கிடைக்கும் ஃபோம் போர்டு மிதக்கும், அது வேண்டாம். தகடு, அதன் மேல் கல், பிறகு மணல். இந்த வரிசைதான். மணல் மேல் கல்லை வைத்தால் உங்கள் பிஸ்டல் இறால் அடியைத் தோண்டியே கவிழ்த்துவிடும். மணல் 1 முதல் 2 மிமீ அரகோனைட், 3 செமீ கனம், ஏறக்குறைய 18 கிலோ. இறால் இருக்கும் மூலையில் 5 செமீ, அதில் விரல் நகம் அளவிலிருந்து 3 செமீ வரை உடைத்த கல்துண்டுகளைக் கலந்துவிடுங்கள். வெறும் மணலில் அதன் சுரங்கம் நிற்காது.

அலைமகன்:

இவ்வளவு அமிலம், குளோரின் எதற்கு? ஒரு பெரிய பானையில் அரை மணி நேரம் கொதிக்கவைத்தால் எல்லாம் செத்துப்போகுமே. தகட்டுக்குப் பதில் விளக்குக்குப் போடும் பிளாஸ்டிக் கட்டம், எக் கிரேட், அடி முழுக்கப் போட்டால் எடை பரவும். தீவு கட்டினால் கோரல் வைக்க இடம் குறைவு என்பதும் என் அபிப்பிராயம். பின்னால் மதில் கட்டினால்தான் நிறைய வைக்கலாம்.

உப்புத்தண்ணி:

கொதிக்க வைக்காதீர்கள். தோட்டத்துமீன், இதை மட்டும் மறக்காமல் படியுங்கள். பழைய ரீஃப் கல்லில் பாலித்தோவா, ஸோவாந்திட் என்ற பவளத்துக்கு உறவான உயிர்கள் ஒட்டிக் காய்ந்திருக்கலாம். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்ஸின் உண்டு, கடல் உயிர்களின் நஞ்சுகளில் மிகக் கடுமையான ஒன்று. கொதிக்கவைத்தால் அழியாது, ஆவியோடு காற்றில் ஏறும். வீட்டில் கல்லைக் கொதிக்கவைத்துக் குடும்பமே மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதும், பிரஷர் ஜெட் அடிப்பதும், மைக்ரோவேவும் அதே கதைதான். தேய்க்கும்போது ஈரமாக வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கையில் வெட்டு இருந்தால் வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள். குளோராக்ஸ் ஊறல் அந்த நஞ்சையும் சிதைக்கும், அதனால்தான் அதை அமிலத்துக்கு முன் சொன்னேன்.

எக் கிரேட் கெடுதல் இல்லை. ஆனால் அடி முழுக்கப் போட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் அழுக்கு உட்காரும், மணல் விலகும் இடத்தில் கட்டம் பல்லைக் காட்டும். கோபி இருக்கும் தொட்டியில் மணல் விலகாமல் இருக்காது. கல்லின் அடியில் மட்டும் வெட்டிப் போட்டால் சரி.

எடையைப் பற்றி ஒன்று. கவலைப்பட வேண்டியது கல்லைப் பற்றி இல்லை. தண்ணீர், கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்த்து மேல்தொட்டி மட்டும் 230 கிலோ பக்கம் வரும், அதில் கல் 14. ஸ்டாண்டு சமமாக இருக்கிறதா என்று நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். கண்ணாடிக் கடைத் தொட்டி என்பதால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டையாக உட்காரும். அடியில் 10 மிமீ ஃபோம் ஷீட் போடுங்கள்.

பாறைக்கொத்தன்:

மதில் பற்றி அலைமகனுக்கு: இடம் நிறைய என்பது உண்மை. ஆனால் மதிலின் முன்முகம் மட்டும்தான் பயன்படும், பின்முகம் இருட்டு. தீவுக்கு நாலு பக்கமும் வெளிச்சமும் ஓட்டமும் உண்டு. 45 செமீ அகலத்தில் மதில் கட்டினால் மீனுக்கு நீந்த 20 செமீ சந்துதான் மிஞ்சும். 6 அடி தொட்டி, 30 இன்ச் அகலம் என்றால் நானும் மதிலுக்கு ஓட்டுப் போடுவேன்.

தோட்டத்துமீன்:

மிகவும் நன்றி அண்ணன்மார்களே. செம்பு போட்டதில்லை என்று கல்காரர் சொல்லிவிட்டார், வாளியில் ஊறவைத்தும் பார்க்கிறேன். திறப்பை அளந்தேன், 78 செமீ, 33 செமீ. இன்னும் இரண்டு சந்தேகம். வீட்டில் டைல்ஸ் போட்டு மிஞ்சிய வெள்ளை கிரவுட் அரைப் பை இருக்கிறது, சிமெண்டுக்குப் பதில் அது ஆகுமா? இரண்டு வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்), ஆளுக்கு மணிக்கு 2500 லிட்டர், எங்கே மாட்டுவது?

பாறைக்கொத்தன்:

கிரவுட் வேண்டாம். பூஞ்சை வராமலிருக்க மருந்து கலந்தே பெரும்பாலானவை வருகின்றன, பாலிமரும் சேர்ந்திருக்கும். பூஞ்சையைக் கொல்வது மற்றதையும் கொல்லும். எதுவும் கலக்காத போர்ட்லேண்ட் வெள்ளை சிமெண்டு ஹார்ட்வேர் கடையில் சின்னப் பையாகவே கிடைக்கும். சிலிகானுக்கும் அதே விதிதான், 'ஆன்டி மோல்டு' என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள்.

திறப்பு 33 என்றால் பெரிய தீவின் குறுக்களவு 28க்குள் அடக்கிவிடுங்கள். இரு பக்கமும் கை போக வேண்டுமே. பக்கவாட்டில் சாய்த்து இறக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், ஈரமான 8 கிலோ கட்டு கையில் சறுக்கும்.

வேவ்மேக்கர் ஒன்று இடச் சுவரில், பின்கண்ணாடியை ஒட்டி, பாதி உயரத்தில். கல்லுக்குப் பின்னால் விட்ட 7 செமீ சந்து வழியாக வலப்பக்கம் ஊதட்டும். அழுக்கு நேராக ஓவர்ஃப்ளோவுக்குப் போகும். இரண்டாவது வலச் சுவரில், முன்கண்ணாடியை ஒட்டி, மேற்பரப்புக்கு 8 செமீ கீழே, இடப்பக்கம் பார்த்து. தொட்டி முழுக்க ஒரே சுற்றாகத் தண்ணீர் சுழலும். இரண்டும் சேர்ந்து மணிக்கு 5000 லிட்டர், உங்கள் தொட்டிக்கு ஏறக்குறைய முப்பது மடங்கு. டார்ச்சுக்கும் ஹேமருக்கும் அது போதும். நேரடி வீச்சு மட்டும் அவற்றின் மேல் படக்கூடாது. விரல்கள் அசைய வேண்டும், ஒரே பக்கமாகப் படுத்துக்கிடக்கக் கூடாது.

மீன் விடுவதற்கு முன் ஒரு சிட்டிகை அரகோனைட் தூளைத் தண்ணீரில் கலக்கி பேஸ்டரால் (ரப்பர் குமிழ் வைத்த நீளக் குழாய்) கல்லின் பின்னால் விட்டுப் பாருங்கள். தூள் இரண்டு நிமிஷத்துக்கு மேல் எங்காவது நின்றால் அந்த இடத்தில்தான் பின்னால் அழுக்கு சேரும். பம்பைத் திருப்பிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு கல்லை எடுத்துவிடுங்கள்.

உப்புத்தண்ணி:

உப்பு கலக்கும்போது 180 லிட்டர் என்று போடாதீர்கள். மேலே காலியிடம், மணல், கல் எல்லாம் கழித்தால் மேல்தொட்டியில் சுமார் 155 லிட்டர்தான் நிற்கும். சம்ப்பைத் தனியாக அளந்து சேருங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 36 கிராம், ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு பார்க்கும் கருவி) 35 வந்ததும் நிறுத்துங்கள். காய்ந்த கல் முதல் சில நாள் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும், துளைக்குள் அடைபட்ட காற்று அது, பயப்பட வேண்டாம். பாக்டீரியா போட்டு அமோனியா 2 பிபிஎம்முக்கு ஏற்றுங்கள். அது 24 மணி நேரத்தில் சுழிக்கு வந்து நைட்ரைட்டும் காணாமல் போனால் கோமாளி ஜோடியை விடலாம். அதுவரை விளக்கை அணைத்தே வையுங்கள்.